பூவரசங் கிணறும் என் ஆய்வேடும்

மூன்று கல்வி நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று, மேடையின் ஓரத்தில் நின்று சால்வைகளைப் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. பக்கத்து மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, ஒரு பொறியியல் கல்லூரி, ராமநாதபுரத்தில் நான் வேதியியல் நடத்தும் எங்கள் பெண்கள் கல்லூரி. அதுவரை ஆளுக்கொரு கிராமத்தைத் தத்தெடுத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு நாள் போய் மரக்கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம். நட்ட கன்றுகளை மறு வாரமே ஆடுகள் கவனித்துக்கொள்ளும். இனி மூவரும் சேர்ந்து ஒரே கடற்கரையில், ஊர்க்காரர்களையும் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு வேலை செய்வது என்று ஏற்பாடு.

கூட்டம் முடிந்ததும் எங்கள் முதல்வர் என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார். நான் கீழக்கரைக்காரி. வாப்பா இருபது வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர் என்றாலும், அவருக்கு முந்தைய தலைமுறை முழுக்கக் கடல் வியாபாரம். அதனால் கடலோரத்து மனிதர்களை எனக்குத் தெரியும் என்று முதல்வர் நினைத்தார். எனக்கும் அப்படித்தான் நினைப்பு. பன்னிரண்டு வருடம் வகுப்பெடுத்த தைரியமும் சேர்ந்துகொண்டது.

ஊரைத் தேர்ந்தெடுத்தவர் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். எதைப் பேசினாலும் முதலில் ஒரு சின்னத் தாளில் குறித்துவைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பேசுவார். உச்சிப்புளியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையில் ஓர் ஊரைச் சொன்னார். கத்தோலிக்க மீனவர் தெரு ஒன்று, முஸ்லிம் தெரு ஒன்று, நடுவில் மணல்மேடு. எம்.ஃபில். படிக்கும்போது பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க அங்கே போயிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் நல்லதாகப் போயிற்று, ஊர்க்காரர்களுக்கு உங்களைத் தெரிந்திருக்கும் என்றார் அவர்.

முதல் நாள் இரண்டு பேருந்துகளில் போய் இறங்கினோம். மூன்று நிறுவனத்து மாணவர்களும் மூன்று நிறத்தில் தொப்பி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பதினாறு பக்கக் கேள்வித்தாள். கடற்கரை ஏலக்கொட்டகையில், கடல்பாசி எடுத்துவிட்டு வந்த பெண்கள் பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து கழுத்தளவு தண்ணீரில் நின்று வந்தவர்கள். விரல் நுனிகளில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தார்கள். அவர்களிடம் போய் எங்கள் மாணவி ஒருத்தி குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று ஆரம்பித்தாள்.

அவள் எதிரில் இருந்த பெண், நாற்பது வயது இருக்கும், பாசியை உதறுவதை நிறுத்தவில்லை. அவர்தான் பாசிப் பெண்கள் குழுவுக்குத் தலைவி என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டில் எத்தனை பேர், கழிவறை இருக்கிறதா, புருஷன் குடிப்பாரா என்றெல்லாம் இதுவரை நாலு கூட்டம் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டது, நாலு பேருக்கும் சொன்ன பதில் எங்கேயாவது இருக்கும், அதை வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். மாணவி திருதிருவென விழித்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முன்னால் போனேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க முன்ன ஒருக்க வந்திருக்கீங்கள்ல? பாட்டில் பாட்டிலாத் தண்ணி புடிச்சுட்டுப் போனீங்க. நான்தான் வாளி போட்டு எறச்சுக் குடுத்தேன்."

எனக்கு அப்போதுதான் முழுவதும் ஞாபகம் வந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் இதே ஊரில், தோளில் கனத்த பையோடு நான் கிணறு கிணறாகப் போனபோது, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கூடவே வந்தார். ஒவ்வொரு கிணற்றிலும் அவர்தான் இறைத்தார். கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். அவர்தான் இவர். குழந்தை பெண் குழந்தை என்பதுகூட நினைவுக்கு வந்தது.

"ஆமாக்கா, நான்தான்" என்றேன்.

"அந்தத் தண்ணி என்னாச்சு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாசியை எடுக்கக் குனிந்துகொண்டார். அன்று கேள்வித்தாள்களில் பாதிக்கு மேல் வெறுமையாகவே திரும்பின.

என் ஆய்வேடு வீட்டில் அலமாரியின் மேல்தட்டில், கல்யாண ஆல்பங்களுக்கு அடியில் கிடந்தது. நீல ரெக்ஸின் அட்டை, பொன் எழுத்து. மாலையில் கல்லூரியிலிருந்து வந்ததும் நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அட்டவணை இருந்தது. உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் என்று வரிசையாகக் கட்டங்கள். ஐந்தாம் மாதிரிக்கு நேரே நைட்ரேட் கட்டத்தில் இருந்த எண், குடிக்கும் தண்ணீரில் இருக்கலாம் என்று சொல்லப்படும் அளவைத் தாண்டியிருந்தது. அடுத்த பக்கத்தில் என் கையெழுத்தைப் போலவே எனக்குப் பழக்கமான ஆங்கிலத்தில் ஒரு வரி: இத்தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.

எழுதியது நான்தான். எழுதி, தட்டச்சு செய்து, கட்டுப்போட்டு, வாய்மொழித் தேர்வில் அந்த வரிக்காகப் பாராட்டும் வாங்கியிருந்தேன். அடுத்த மாதமே எனக்கு நிக்காஹ். அதன் பிறகு வேலை, பிள்ளைகள். அந்த ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று என் வழிகாட்டி சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றும் யாரும் தடுக்கவில்லை. அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பதே என் தலையில் வரவில்லை. ஐந்தாம் மாதிரி எந்தக் கிணறு என்று பார்த்தேன். மீனவர் தெருவில் பூவரச மரத்தடியில் இருந்த உறைக்கிணறு. எனக்குக் கடுங்காப்பி போட்டது அந்தத் தண்ணீரில்தான்.

மறுநாள் காலை பேராசிரியருக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, பழைய கணக்கை வைத்து ஊரைப் பயமுறுத்த வேண்டாம், முதலில் மறுபடி பரிசோதித்துவிடுவோம், சரியாக இருந்தால் பழையதைப் பேச வேண்டிய தேவையே இராது என்றார். ஒப்பந்தம் போட்ட மை காயவில்லை, இந்த நேரத்தில் இது வேண்டுமா என்ற தயக்கமும் அவர் குரலில் இருந்தது. மறுபடி பரிசோதிப்பது சரி, பழையதை மறைப்பது முடியாது என்றேன். நான் அப்படி ஒரு மூத்த பேராசிரியரிடம் அதற்கு முன் பேசியதில்லை. ஆனால் தப்பு செய்தது நானாக இருந்ததால் யாருக்காகவும் தயங்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவர் துறையின் அலமாரியைத் தேடச் சொல்லியிருக்கிறார். அதே ஊரைப் பற்றி அங்கே இரண்டு ஆய்வேடுகள் இருந்தன. ஒன்று அவருடைய மாணவரே செய்தது. பொறியியல் கல்லூரியிலும் வீடுகளைப் பற்றிய ஓர் அறிக்கை அகப்பட்டது. மீனவர் தெருவில் கழிவறைக் குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் வரைபடமே இருந்தது. பூவரச மரத்தைச் சுற்றி அரைவட்டமாகக் குழிகள். என் அட்டவணையையும் அந்த வரைபடத்தையும் யாராவது ஒரு மேசையில் சேர்த்து வைத்திருந்தால் காரணம் அன்றைக்கே தெரிந்திருக்கும். மூன்று ஊர் நூலகங்களில் அவை தனித்தனியே தூசி படிந்து கிடந்தன.

"நம்ம ஒப்பந்தத்துல செய்ய வேண்டிய மொத வேலை இதுதாம்மா" என்றார் பேராசிரியர். "எடுத்துட்டு வந்ததையெல்லாம் கொண்டுபோய்க் குடுத்துருவோம்."

கேள்வித்தாள்களை மூட்டை கட்டி வைத்தோம். அடுத்த முறை தொப்பி இல்லாமல், என் மாணவிகள் ஆறு பேரும் நானும் மட்டும் போனோம். பாசிப் பெண்கள் குழுவிடம் எந்தெந்தக் கிணற்றில் எடுக்கலாம் என்று கேட்டோம். நான் பழையபடி பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தேன். குழுத் தலைவியான அந்த அக்கா பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நீங்கள் எடுத்ததில் நாலு கிணறு இப்போது தூர்ந்துவிட்டது, நாங்கள் தினமும் குடிக்கிற இரண்டு ஊற்று இதில் இல்லவே இல்லை என்றார். சவுக்குத் தோப்புக்குள் மணலைத் தோண்டி வைத்திருந்த ஊற்றுகளுக்கு அவரே நடத்திக் கூட்டிப் போனார். மாணவி ஒருத்தி பாட்டிலில் மாதிரி ஒன்று, மாதிரி இரண்டு என்று ஒட்டப்போனாள். எண் போட்டால் எங்களுக்கு விளங்காது, பெயரைப் போடுங்கள் என்றார் இன்னொரு பெண். பூவரசங் கிணறு, பள்ளிவாசல் கிணறு, தோப்பு ஊற்று, பெரிய ஊற்று என்று எழுதி ஒட்டினோம்.

பரிசோதனையை எங்கள் ஆய்வகத்திலும் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகச் செய்தோம். இரண்டு இடத்திலும் ஒரே முடிவு வந்தது. பள்ளிவாசல் கிணறும் இரண்டு ஊற்றுகளும் நல்ல தண்ணீர். பூவரசங் கிணற்றில் நைட்ரேட் என் பழைய எண்ணைவிடவும் கூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு ஏலக்கொட்டகையில் கூட்டம் வைத்தோம். இரண்டு தெருக்காரர்களும் வந்தார்கள். ஆண்கள் தூணோரம் நின்றார்கள், பெண்கள் விரித்த தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் தொடங்கிவைக்க எழுந்தார். நான்தான் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நீல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பதினான்கு வருடத்துக்கு முன் நான் எடுத்துப்போன தண்ணீரில் என்ன இருந்தது, அதை நான் எங்கே எழுதினேன், யாரிடமும் சொல்லாமல் விட்டேன் என்பதைச் சொன்னேன். நைட்ரேட் என்றால் என்ன, அது வாய்க்கு ருசியில் தெரியாது, பெரியவர்களைவிடப் பால்குடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் கெடுதல் செய்யும் என்பதையும் விளக்கினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தேன்.

அந்த அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"எம் மூத்தவ, அன்னைக்கு இடுப்புல இருந்தவ, சின்னப் புள்ளையா இருக்கையில ஒடம்பு நோஞ்சானா இருந்துச்சு. மூச்சு எளைக்கும், ஒதடு கருக்கும். ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்கும் இங்கனைக்குமா நடையா நடந்தேன். அது இந்தத் தண்ணியாலதானா டீச்சர்?"

ஆமாம் என்று சொன்னால் தண்டனை வாங்கிக்கொண்ட ஆறுதல் எனக்குக் கிடைக்கும். இல்லை என்றால் அது வேறு வகை ஆறுதல். இரண்டுமே உண்மையாகாது.

"தெரியலக்கா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்ப யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நான் அன்னைக்கே சொல்லியிருந்தா, நீங்க வேற கிணத்துல எடுத்திருப்பீங்க."

"எடுத்திருப்போம்" என்றார். "அங்கன, பள்ளிவாசல்ட்ட போயி எடுத்திருப்போம். கொஞ்சம் நடை கூட. அம்புட்டுத்தான்."

அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அவருடைய மகள் இப்போது பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள் என்பதைப் பக்கத்திலிருந்த பெண்தான் எனக்குச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ. அன்றைக்கு அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பிறகு பேச்சு மளமளவென்று வேலையின் பக்கம் திரும்பியது. தூணோரம் நின்ற ஆண்கள் கழிவறைக் குழி வரைபடத்தைக் கேட்டு வாங்கித் தரையில் விரித்துப் பார்த்தார்கள். அவரவர் வீட்டுக் குழி எது என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டார்கள். மணலில் சிமெண்டு உறை மட்டும் இறக்கி அடியைத் திறந்து விட்டிருந்தது எல்லோருக்குமே தெரிந்த விஷயம்தான். அது கிணற்றுக்குள் வந்து சேரும் என்பதுதான் புதிது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் அடி மூடிய தொட்டியை எப்படிக் கட்டுவது என்று மாணவர்களை வைத்தே கட்டிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஊரிலேயே நாலு கொத்தனார்கள் இருந்தார்கள். அந்த நால்வரிடம்தான் மாணவர்கள் வேலை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது பிற்பாடு நடந்த கதை.

ஊற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் போதாது என்பதால், மீனவர் தெருப் பெண்கள் பள்ளிவாசல் கிணற்றில் எடுப்பதைப் பற்றி ஜமாஅத் தலைவரிடம் கேட்டோம். அவர் சொன்னார்:

"தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்குற நேரத்துல மட்டும் வாளி போடாதீங்க. வெள்ளிக்கிழம மத்தியானம் வேணாம். மத்தபடி எடுத்துக்கங்க. மணல்ல வண்டி ஏறாது, அதுக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க."

நாலு குடம் வைத்துத் தள்ளும் வண்டி மணல்மேட்டில் புதையும் என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பஞ்சாயத்தில் பேசி, மேட்டின் குறுக்கே சிமெண்டுக் கட்டிகள் பதித்துப் பாதை போட்டார்கள். பூவரசங் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் 'துவைக்க, குளிக்க மட்டும்' என்று பெண்களே எழுதினார்கள்.

நான் இதை எழுதக் காரணம் அதற்குப் பிறகு நடந்ததுதான். மூன்று நிறுவனங்களின் அடுத்த கூட்டம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இனி இந்தக் கடற்கரையில் ஆய்வு செய்கிற யாரும், கண்டுபிடித்ததை ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதி, அந்த ஊரில் வாசித்துக் காட்டிய பிறகுதான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும் என்று விதி கொண்டுவர நானும் பேராசிரியரும் கேட்டோம். எதிர்ப்பு வந்தது. மாணவர்களுக்குக் காலதாமதமாகும், ஊரில் தப்பாகப் புரிந்துகொண்டு சண்டை வரும், எல்லா ஆய்வையும் ஒரு தாளில் அடக்க முடியாது என்றெல்லாம் சொன்னார்கள். அவற்றில் நியாயமும் இருந்தது. கூட்டாளிகள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே, கூட்டாளிகளைக் கேட்டுவிடலாம் என்றார் பேராசிரியர். அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். அந்த அக்காவும் முஸ்லிம் தெருவிலிருந்து ஒரு பெண்ணும் வெளியே காத்திருந்தார்கள். காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்திருந்தார்கள்.

பெரிய கூடம், நீள மேசை, ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் ஒலிவாங்கி. அக்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒலிவாங்கியை யாரோ அவர் பக்கம் திருப்பினார்கள்.

"நாங்க வேலையப் போட்டுட்டு ஒங்களுக்குப் பதில் சொல்றோம். எங்க வீட்டு விசயமெல்லாம் சொல்றோம். நாங்க கேட்டா நீங்களும் பதில் சொல்லணும்ல. சண்டை வந்தா வரட்டும், நாங்க பேசித் தீத்துக்குறோம். அதுக்காகச் சொல்லாம இருந்துறாதீக."

அவ்வளவுதான் பேசினார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த துணைவேந்தர் மேற்கொண்டு வாதம் வைக்கவில்லை. விதி நிறைவேறியது. காலதாமதம் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்காக, வாசிக்கும் நாளை ஆய்வு தொடங்கும்போதே ஊரோடு பேசி எழுதிவைத்துவிடுவது என்றும் சேர்த்துக்கொண்டோம். மதியச் சாப்பாட்டில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரியாணியில் உப்பு குறைவு என்றார். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நான் செய்து போடுகிறேன் என்றேன். ஒரு பெருநாளைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். உயரமான, வாயாடிப் பெண். என் அலமாரியிலிருந்த ஆய்வேட்டை எடுத்து நாற்பத்திரண்டாம் பக்கத்தை அவளே வாசித்துப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அட்டவணையில் ஓர் இடத்தில் தசமப்புள்ளி விட்டுப்போயிருப்பதாகச் சொன்னாள். உண்மைதான், விட்டுப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. தெருவில் பெரும்பாலான வீடுகளில் அடி மூடிய தொட்டி வந்துவிட்டது. பூவரசங் கிணற்றில் நைட்ரேட் இறங்கி வருகிறது. ஆனால் குடிக்கிற அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. அதையும் அப்படியேதான் ஏலக்கொட்டகையில் வாசித்தேன். எப்போது இறங்கும் என்று கேட்டார்கள். இன்னும் சில மழை பார்க்க வேண்டும், அடுத்த வருடம் இதே மாதம் வந்து சொல்கிறேன் என்றேன். அந்தத் தேதியைக் குழுவின் நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது மற்ற கடற்கரை ஊர்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். போன சனிக்கிழமை திருவாடானைப் பக்கம் ஒரு மீனவர் ஊருக்குப் போனோம். நான், பேராசிரியர், அக்கா. ஊர்ப் பெண்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். நாங்கள் பேசுவதற்கு முன்பே அக்கா அவர்களிடம், எங்களை என்னென்ன கேட்க வேண்டும், எதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அவற்றைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்றார். விடிகாலையில் மீன் கூடையோடு சந்தைக்குப் போக பஸ் இல்லை, வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள், அதற்கு ஏதாவது ஆராய்ச்சி உண்டா என்று கேட்டார்.

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய பாடம். சட்டைப்பையிலிருந்து சின்னத் தாளை எடுத்து, எத்தனை பேர் போவீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். நான் பாட்டில்களைப் பைக்குள் எடுத்துவைத்துவிட்டு, அக்கா நீட்டிய டீயை வாங்கிக் குடித்தேன்.